ஓரவஞ்சனை இலக்கணம்: ஸ்பானியக் கால்பந்து நாளேடுகளை முன்வைத்து

நூல் என்றால் பாயிரம் வேண்டும் என்பது மரபு. ஆகவே எல்லை, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகியவற்றை முதலில் சொல்லிவிடுவோம். எல்லை: வடக்கே பிரனீஸ் மலை, தெற்கே ஜிப்ரால்டர் நீரிணை. கேனரித் தீவுகளில் இருக்கும் லாஸ் பால்மாஸ் கழகம் இந்த எல்லைக்குள் வரவில்லையே என்று கேட்பார் உளர். நாம் ஆராயப்போகும் நாளேடுகளின் முதல் பக்கத்தைப் பொறுத்தவரை செவில்லாவும் வாலென்சியாவும்கூடப் பெரும்பாலான நாள்களில் எல்லைக்கு வெளியேதான் கிடக்கின்றன என்பது அவர்களுக்கு விடை. நுதலிய பொருள்: ஸ்பானியக் கால்பந்தைப் பற்றி எழுதுவோரின் ஓரவஞ்சனையும் அதன் இயல்பும். கேட்போர்: தம் அணி தோற்ற இரவில் நடுவரையும் நிருபரையும் ஒரே மூச்சில் திட்டத் தெரிந்த அனைவரும். பயன்: அப்படித் திட்டும்போது சரியான ஆளைத் திட்டுவது.

சான்றுகளுக்கு மூலம் நான்கு நாளேடுகள். மாட்ரிட்டிலிருந்து வருபவை மார்க்கா, ஆஸ். பார்சிலோனாவிலிருந்து வருபவை முண்டோ டெபோர்டிவோ, ஸ்போர்ட். வயதில் மூத்தது 1906இல் பிறந்த முண்டோ டெபோர்டிவோ. மார்க்கா 1938இல், உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், சான் செபாஸ்தியானில் பிறந்து பிறகு மாட்ரிட்டுக்குக் குடிபெயர்ந்தது. ஆஸ் 1967, ஸ்போர்ட் 1979. முதல் நகரத்து ஏடுகள் ரியல் மாட்ரிட் பக்கமும் இரண்டாம் நகரத்து ஏடுகள் பார்சிலோனா பக்கமும் சாய்பவை என்பது அந்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரியாததுபோல் நடிப்பவர்கூட இல்லை. இரு நகரங்களுக்கும் இடையே 621 கிலோமீட்டர் அதிவேக ரயில்பாதை 2008இல் முழுமை பெற்றது. மாட்ரிட்டில் பெனால்டியாக ஏறும் சம்பவம் இரண்டரை மணி நேரத்தில் பார்சிலோனாவில் பாசாங்காக இறங்குகிறது. ஆகவே ஓரவஞ்சனை உண்டா இல்லையா என்பது நம் ஆய்வுப் பொருளே அன்று. அதனால் யாருக்கு நட்டம் என்பதே கேள்வி. மாட்ரிட் ஏடுகளால் பார்சிலோனாவுக்கு, பார்சிலோனா ஏடுகளால் மாட்ரிட்டுக்கு என்று பொதுமக்களும் ரசிகர்களும் நம்புகிறார்கள். அற்றன்று. இருவரும் ஒருவரையொருவர் ஏசுவதால் இருவருமே வளர்கிறார்கள்; நட்டம் லீகின் மற்றப் பதினெட்டுக் கழகங்களுக்கே. இதை நூற்பாவாக்கினால், ‘இருவர் ஏசினும் ஏறுவது இருவர் பெயரே’ என்றாகும். இனி உரை.

எந்தப் பொருளையும் அளக்க ஓர் அலகு வேண்டும். ஓரவஞ்சனையின் அலகுக்குப் ‘பிச்சிச்சி’ என்று பெயரிடலாம். காரணம் உண்டு. லா லிகாவில் ஒரு பருவத்தில் அதிக கோல் அடித்தவருக்கு மார்க்கா வழங்கும் பரிசுக்கு அதுதான் பெயர். 2010 செப்டம்பரில் ரியல் சொசியெதாத்துக்கு எதிரான ஆட்டத்தில் கிறிஸ்டியானோ ரொனால்டோ உதைத்த ஃப்ரீ கிக் சக வீரர் பெப்பேயின் முதுகில் பட்டுத் திசைமாறி வலைக்குள் போயிற்று. நடுவரின் அறிக்கை கோலைப் பெப்பேயின் கணக்கில் எழுதியது. மார்க்கா ரொனால்டோவின் கணக்கில் எழுதியது. பருவ முடிவில் லீகின் கணக்கில் ரொனால்டோவுக்கு 40 கோல், மார்க்காவின் கணக்கில் 41. இந்த ஒரு கோல் இடைவெளியே ஒரு பிச்சிச்சி என்க. இதில் ஆய்வாளர் ஊன்றிக் கவனிக்க வேண்டியது வேறொன்று. இரண்டாம் இடத்திலிருந்த மெஸ்ஸிக்கு 31 கோல்தான். ரொனால்டோவின் கணக்கு நாற்பதாக இருந்தாலும் பரிசு அவருக்கே. பழைய சாதனையான 38ஐயும் அவர் அதற்குள் தாண்டியாயிற்று. அந்த 41ஆவது கோலால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. பயன் கருதாத ஓரவஞ்சனையே தூய ஓரவஞ்சனை. பரிசைக் கொடுப்பதும், கோலை எண்ணுவதும், எண்ணியதைச் செய்தியாக்குவதும் ஒரே நிறுவனம் என்பதால் தணிக்கைச் செலவும் மிச்சம். பிச்சிச்சி என்பதோ அத்லெடிக் பில்பாவ் அணியின் பழைய முன்கள வீரர் ரஃபேல் மொரேனோவின் செல்லப்பெயர். 1922இல் மறைந்த அந்தப் பில்பாவ்காரரின் பெயரில் நடக்கும் சண்டையிலும் இரு தரப்புகள் மாட்ரிட்டும் பார்சிலோனாவுமே. பில்பாவுக்கு மிஞ்சியது பெயர் மட்டும்.

அடுத்து, குறைகளின் வடிவம். பார்சிலோனா ரசிகரின் குறைப்பட்டியலில் தலையாயது 1970 ஜூன் 6. ஸ்பானியக் கோப்பைக் காலிறுதியின் இரண்டாம் ஆட்டம், பார்சிலோனாவின் திடலான கேம்ப் நோவில். பெட்டிக்கு வெளியே நடந்த தவறுக்கு நடுவர் குருசேத்தா ரியல் மாட்ரிட்டுக்குப் பெனால்டி கொடுத்தார். பார்வையாளர்கள் இருக்கை மெத்தைகளை மைதானத்தில் வீசினார்கள். தலைநகரமும் நடுவரும் கைகோத்திருக்கிறார்கள் என்ற வாதத்துக்கு அன்று முதல் இதுவே மூலச்சான்று. மாட்ரிட் தரப்பும் சளைத்ததன்று. 1988 முதல் 2017 வரை ஸ்பானியக் கால்பந்துச் சம்மேளனத் தலைவராக இருந்த ஆங்கெல் மரியா வில்லார் பார்சிலோனாவுக்குச் சாதகமாக நடுவர்களை வைத்திருந்தார் என்று ஆஸ் ஏட்டின் ஆசிரியர் ஆல்ஃபிரெடோ ரெலாஞோ எழுதிவந்தார். அதற்கு ‘வில்லாராத்தோ’ என்று பெயரும் சூட்டினார். இரண்டு கோட்பாடுகளையும் அருகருகே வைத்துப் படித்தால், பெயர்களைத் தவிர வேறு பாடபேதம் இல்லை. அதிகாரம் எதிரியின் கையில். நடுவர் அதிகாரத்தின் கையில். நாம் வென்றால் தடைகளை மீறி வென்றோம், தோற்றால் தடைகளால் தோற்றோம். எந்த முடிவாலும் பொய்ப்பிக்க முடியாத கோட்பாடு இது. இந்த நான்கு ஏடுகளிலும் கெட்டாஃபே போன்ற சிறு கழகத்தின் ரசிகருக்கு ஒரு கோட்பாடு கிடைக்காது. தமக்கு எதிராகச் சதி செய்யும் அளவுக்குத் தாம் முக்கியமானவர் என்ற ஆறுதல்கூட அவருக்கு மறுக்கப்படுகிறது.

பகை மெய்யானது என்றால் பணம் பேசும் இடத்திலும் பகை தெரிய வேண்டும். 2021 ஏப்ரலில் பன்னிரண்டு ஐரோப்பியக் கழகங்கள் சூப்பர் லீக் என்ற தனிப் போட்டியை அறிவித்தன. அறிவித்த மறுநாள் இரவு ரியல் மாட்ரிட் தலைவர் ஃப்ளோரென்டினோ பெரேஸ் அத்திட்டத்துக்கு விளக்கம் சொல்லப் போன இடம், மாட்ரிட்டா பார்சிலோனாவா என்று நள்ளிரவில் கத்திச் சண்டையிடுவதற்கென்றே பெயர்பெற்ற ‘எல் சிரிங்கீத்தோ’ தொலைக்காட்சி நிகழ்ச்சி. இரண்டே நாளில் ஆங்கிலக் கழகங்கள் ஆறும் விலகின. அத்லெடிகோ மாட்ரிட்டும் விலகியது. அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் திட்டத்தைக் கைவிடாமல் ஒரே அணியாக நின்றவற்றுள் முதன்மையானவை ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவுமே. காலையில் ஏடுகளில் கட்டிப் புரளும் இருவர் மாலையில் ஒரே வழக்கறிஞரிடம் போவதைப் பகை என்று அழைக்க இலக்கணம் இடந்தராது.

இந்த ஏச்சு எப்படிக் காசாகிறது என்பதற்கும் சான்றுண்டு. 2015 வரை ஸ்பெயினில் ஒவ்வொரு கழகமும் தன் தொலைக்காட்சி உரிமையைத் தனித்தனியே விற்றது. அந்த முறையின் கடைசி ஆண்டுகளில் ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் ஏறத்தாழ 14 கோடி யூரோ வீதம் பெற்றன. அடிமட்டக் கழகத்துக்குக் கிடைத்தது ஏறத்தாழ 1.8 கோடி. 2015ஆம் ஆண்டின் அரசாணை உரிமைகளைப் பொதுவில் விற்கச் செய்தது. முதல் பிரிவுக் கழகங்களுக்கான தொகையில் பாதி சமமாகவும், கால்பங்கு ஆட்ட முடிவுகளின்படியும், மீதிக் கால்பங்கு கழகத்தின் சமூகச் செல்வாக்கின்படியும் பகிரப்படும் என்றது. செல்வாக்கை அளக்கும் கோல்கள் நுழைவுச்சீட்டு வருமானமும் தொலைக்காட்சிப் பார்வையாளர் தொகையும். சங்கிலி இப்போது தெளிவு. முதல் பக்கத்தில் வருபவரைப் பார்க்கிறார்கள், பார்க்கப்படுபவருக்குப் பணம், பணம் உள்ளவர் வெல்கிறார், வென்றவர் முதல் பக்கத்தில் வருகிறார். இந்தச் சக்கரத்துக்கு எண்ணெய் புகழ்ச்சியா ஏச்சா என்பது பொருட்டன்று. பார்சிலோனா ஏடு ரியல் மாட்ரிட்டைத் திட்டி எழுதும் ஒவ்வொரு தலைப்பும் ரியல் மாட்ரிட்டுக்கு இலவச விளம்பரம்.

விளைவைப் பார்ப்போம். 1929இல் லீக் தொடங்கியது முதல் ஒன்பது கழகங்கள் பட்டம் வென்றிருக்கின்றன. டெப்போர்டிவோ லா கொருன்யா 2000இல் வென்றது. வாலென்சியா 2002இலும் 2004இலும் வென்றது. அதற்குப் பின் 2005 முதல் 2025 வரையிலான 21 பட்டங்களில் பார்சிலோனாவுக்கு 12, ரியல் மாட்ரிட்டுக்கு 7, அத்லெடிகோ மாட்ரிட்டுக்கு 2. மற்றவர்களுக்குத் திறமை வறண்டுவிட்டது போலும் என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் அதே காலத்தில் செவில்லா யூஃபா கோப்பையையும் அதன் வாரிசான யூரோப்பா லீகையும் சேர்த்து ஏழு முறை வென்றது. ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் வாழும் ஊரான வில்யாரியாலின் அணி 2021இல் மான்செஸ்டர் யுனைடெட்டைச் சாய்த்து அதே கோப்பையைத் தூக்கியது. பிறநாட்டு அணிகளை வெல்லும் அளவுக்கு வலிமை உள்ளவர்கள் தம் நாட்டு நாளேட்டின் மடிப்பைத் தாண்ட முடியாமல் நிற்கிறார்கள்.

இனித் தடைவிடை. முதல் தடை: வாசகர் கேட்பதைத்தான் ஏடு தருகிறது, ரசிகர் தொகை பெரிதானால் இடமும் பெரிதாகும், இதில் வஞ்சனை எங்கே? இது வலுவான தடை, ஆனால் காரணத்தையும் காரியத்தையும் ஒன்றாக்குகிறது. பெட்டிஸ் கழகத்தின் திடலும் பில்பாவின் திடலும் நிரம்பி வழிபவை. அத்லெடிக் 2024இல் நாற்பது ஆண்டுக்குப் பிறகு ஸ்பானியக் கோப்பையை வென்றபோது நெர்வியோன் ஆற்றங்கரை முழுவதும் மக்கள் வெள்ளம். அங்கெல்லாம் ஆர்வத்துக்குப் பஞ்சமில்லை. அந்த ஆர்வம் நாடு முழுவதும் போய்ச்சேர வழிதான் இல்லை. இரண்டாம் தடை: செவில்லாவுக்கு எஸ்தாதியோ டெபோர்டிவோ, வாலென்சியாவுக்கு சூப்பர்டெபோர்டே என்று ஊருக்கு ஊர் ஏடு இருக்கிறதே? இருக்கிறது. அவையும் தத்தம் ஊர்ப் பக்கமே சாய்கின்றன. சாய்வு குற்றமன்று என்பதற்கு இது நம் தரப்புச் சான்று. அந்தச் சாய்வுகள் ஊர் எல்லையில் நின்றுவிட, இரண்டு நகரங்களின் சாய்வு மட்டும் தேசிய ஏடு என்ற பெயரில் நாடெங்கும் விற்கிறது. மூன்றாம் தடை: 2018இல் வந்த காணொளி நடுவர் முறை பாரபட்சத்தை ஒழிக்குமே? முன்பு ஒரு சம்பவத்துக்கு ஒரு நடுவரைத் திட்டினோம். இப்போது திடலில் ஒருவர், அறைக்குள் ஒருவர் என்று இருவரைத் திட்டுகிறோம். மூலப்பொருள் இரட்டித்ததே பயன்.

நான்காம் தடை மற்றவற்றைப் போலச் சிரித்து ஒதுக்கத் தக்கதன்று. நடுவர் குழுவின் துணைத்தலைவராக இருந்த என்ரிக்கெஸ் நெக்ரெய்ராவுக்கும் அவர் தொடர்புடைய நிறுவனங்களுக்கும் 2001 முதல் 2018 வரை பார்சிலோனா 70 லட்சம் யூரோவுக்கு மேல் கொடுத்தது 2023இல் வெளியாகி வழக்காயிற்று. அவை நடுவர் பற்றிய தொழில்நுட்ப அறிக்கைகளுக்கான கூலி என்று கழகம் தவறை மறுக்கிறது. ‘எல்லாம் ஏடுகளின் கூச்சல்’ என்ற வாதம் இங்கே நிற்குமா என்பது தடை. நிற்கிறது, முன்னைவிட உறுதியாக நிற்கிறது. குற்றம் மெய்யானால், ஒவ்வொரு பருவத்திலும் லீகில் ஆடிய மற்றப் பத்தொன்பது கழகங்களும் பாதிக்கப்பட்டவை. ஆனால் விவாதம் எங்கே போயிற்று? அந்த ஏப்ரலில் பார்சிலோனா தலைவர் லப்போர்த்தா, ரியல் மாட்ரிட்தான் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சிக்கு வேண்டிய அணியாக இருந்தது என்றார். அன்றே ரியல் மாட்ரிட் தன் தொலைக்காட்சியில், ஃபிராங்கோவுக்குப் பார்சிலோனா விருது கொடுத்த பழைய படங்களைக் கோத்துக் காணொளி வெளியிட்டது. நடுவர் குழுவுக்குப் பணம் போனது ஏன் என்ற கேள்வி, 1975இல் இறந்துபோன சர்வாதிகாரி எந்த அணிக்கு வேண்டியவர் என்ற கேள்வியாகக் கண்ணெதிரே உருமாறியது. பத்தொன்பது வாதிகளில் பதினெட்டுப் பேர் வழக்கிலிருந்தே காணாமற்போனார்கள். நூற்பாவுக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை ஆய்வாளன் கற்பனை செய்தாலும் கிடைக்காது.

முடிபு இது. நடுநிலை ஏடு வேண்டும் என்பது பரிகாரமன்று. சாய்வில்லாத கால்பந்து எழுத்தைப் படிப்பவன் ரசிகனாக இருக்க மாட்டான். அவனுக்கு மறுநாள் காலை புள்ளிப்பட்டியலே போதும். வேண்டியது இன்னும் அதிக ஓரவஞ்சனை: இருபது கழகத்துக்கு இருபது சாய்வு, எல்லாம் நாடறிய. அது வரும்வரை வாசகர் செய்யக்கூடிய சிறு சோதனை ஒன்று உண்டு. அடுத்த முறை இரு நகரத்து முதல் பக்கங்களையும் பார்க்கும்போது, யார் பக்கம் நியாயம் என்று தேடாதீர்கள். அந்தப் பக்கங்களில் இல்லாத பதினெட்டுக் கழகங்களின் பெயரை மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். பதினெட்டும் வந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையில்லை. எட்டில் நின்றுவிட்டால், அந்த நான்கு ஏடுகளும் தம் வேலையைச் செவ்வனே செய்துவிட்டன என்று கொள்க.