கேளுங்கள், டப்பென்று பதில்!

கே: போர்ட்ஆடியோ என்றால் என்ன? பாட்டுப் போடும் ஆப்பா?

ப: அப்படி ஆப் எழுதுகிறவர்களுக்கான சி மொழி லைப்ரரி. மைக்கிலிருந்து ஒலியை வாங்க, ஸ்பீக்கருக்கு அனுப்ப விண்டோஸ் ஒரு வழி சொல்லும், மேக் இன்னொரு வழி. லினக்ஸில் கேட்கவே வேண்டாம். ஆல்சா, ஜாக் என்று அதற்குள்ளேயே கோஷ்டிகள். எல்லோருக்கும் பொதுவாக ஒரே தடவை புரோகிராம் எழுதினால் போதும் என்பது இதன் வசதி. ராஸ் பென்சினாவும் ஃபில் பர்க்கும் 2001இல் கணினி இசை மாநாட்டில் இதைப் பற்றிக் கட்டுரை அளித்தார்கள். ஆடாசிட்டியில் குரல் பதிவு செய்திருக்கிறீர்களா? உள்ளே உழைத்தது இதுதான்.

கே: என் கம்ப்யூட்டர் புத்தம் புதுசு, 16 கோர். நான் எழுதிய சிந்தசைசர் மட்டும் அவ்வப்போது ‘டப்’ என்று வெடிக்கிறதே?

ப: வேகத்தில் குறையில்லை, நேரம் தவறுகிறீர்கள். செகண்டுக்கு 48,000 சாம்பிள், பஃபர் அளவு 256 என்றால், 5.3 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை நீங்கள் எழுதிக் கொடுத்த ஃபங்ஷனை, அதாவது கால்பேக்கை, கூப்பிட்டு ‘அடுத்த 256 எங்கே?’ என்று கேட்பார்கள். 999 தடவை தலா ஒரு மில்லி செகண்டில் கொடுத்துவிட்டு ஆயிரமாவது தடவை எட்டு எடுத்துக்கொண்டால் சராசரி பிரமாதம்தான், காதில் விழுவதோ ‘டப்’. முகூர்த்தத்துக்கு வராத மாப்பிள்ளை, மற்ற நாளெல்லாம் சீக்கிரம் வந்தேன் என்று கணக்குக் காட்டினால் யார் கேட்பார்கள்?

கே: கால்பேக்குக்குள் என்ன செய்யக் கூடாது?

ப: மெமரி கேட்கக் கூடாது. ஃபைல் திறக்கக் கூடாது. மியூடெக்ஸ் என்ற பூட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. பிழை தேடுகிறேன் என்று பிரின்ட்எஃப் போடுவதும் ஆகாது. இவையெல்லாம் பெரும்பாலும் சட்டென்று முடிந்துவிடும். முடியும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை, அதுதான் வம்பு. திரையில் படம் வரையும் சாதாரண த்ரெட் பூட்டை வைத்துக்கொண்டு அசந்திருக்க, அவசரக்கார ஆடியோ த்ரெட் வாசலில் நிற்கும். பென்சினா 2011இல் இதற்கென்றே ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். லைப்ரரியைத் தொடும் முன் அதைப் படியுங்கள். ஃபைலை வேறு த்ரெட் முன்கூட்டியே படித்து, பூட்டில்லாத ரிங் பஃபரில் போட்டு வைக்கட்டும். கால்பேக் அள்ளிக்கொண்டு ஓடினால் போதும்.

கே: பஃபரை 4096 ஆக்கிவிட்டால் தொல்லை விட்டதா?

ப: விட்டது. கூடவே வாசிப்பும் விட்டது. 85 மில்லி செகண்ட் என்பது காற்றில் ஒலி 29 மீட்டர் போகும் நேரம். கிதார் கையில், ஆம்ப்ளிஃபயர் தெருக்கோடியில்! உள்ளே வர ஒரு பஃபர், வெளியே போக ஒரு பஃபர் என்பதால் உண்மையில் இன்னும் மோசம். பாட்டு கேட்க மட்டும் என்றால் தாராளமாக வையுங்கள்.

கே: ப்ளூடூத் ஹெட்போன் தாமதத்தைக் குறைக்க எந்த லைப்ரரி நல்லது?

ப: ஒயர்.

கே: ஆர்ட்டிஆடியோ, மினிஆடியோ என்றும் சொல்கிறார்களே?

ப: முன்னது சி++, மெக்கில் பல்கலைக்கழகத்தின் கேரி ஸ்கவோன் எழுதியது. பின்னது ஒரே ஹெடர் ஃபைல், சோம்பேறிகளுக்கு உகந்தது. என் ஓட்டு அதற்கே. பைத்தான்காரர்களின் பைஆடியோ, போர்ட்ஆடியோவின் தோளில் ஏறி நிற்பது.

கே: போர்ட்ஆடியோவுக்குக் காசு?

ப: கிடையாது. வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். திருத்தினால் எங்களுக்கும் அனுப்புங்களேன் என்று கேட்டுவிட்டு, கட்டாயமில்லை என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள்.