ஒரு மாத ஓட்டமும் 52 ஆண்டு ஓட்டமும்

கேள்வி: ஒரு மாதம் நாள் தவறாமல் ஓடுவதாகச் சபதம் ஏற்பவர்கள் பாதியில் விட்டுவிடுவது சோம்பலாலா?

பதில்: பழி முழுவதையும் சோம்பலின் தலையில் கட்டுவது அநீதி; உண்மையான சோம்பேறிகள் சபதமே ஏற்பதில்லை. இதயமும் தசைகளும் சில வாரங்களிலேயே புதிய உழைப்புக்குப் பழகிவிட, தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களும் கணைக்கால் எலும்பும் அரசு அலுவலகக் கோப்பைப்போல் மெல்லவே நகர்வதால், மூச்சு வாங்காத மகிழ்ச்சியில் தூரத்தைக் கூட்டுபவருக்கு, எலும்பில் மயிரிழை விரிசல் விழும் ‘அழுத்த முறிவு’ நேரக்கூடும். எலும்பு தன்னைப் புதுப்பிக்கும்போது பழைய பகுதியை முதலில் கரைத்துவிட்டுப் பிறகே புதியதைக் கட்டுகிறது என்பதும், அந்த இடைவெளியில் அது வலுக்குன்றியிருக்கும் என்பதும் சபதப் பட்டியலில் எழுதப்படுவதில்லை.

ஒரு நாளும் விடாமல் ஓடும் ‘ஓட்டத் தொடர்’ மரபில், நாளொன்றுக்கு ஒரு மைல், அதாவது ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர் ஓடினாலே போதும். 1970இல் பாஸ்டன் மாரத்தானை வென்றவரும் துணி வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவருமான இங்கிலாந்தின் ரான் ஹில், 1964 டிசம்பர் முதல் 2017 ஜனவரி வரை இவ்வாறு ஓடினார். 1993இல் கார் விபத்தில் மார்பெலும்பு முறிந்தபோதும் அவர் நிறுத்தவில்லை என்பதை எந்த மருத்துவரும் முன்மாதிரியாகப் பரிந்துரைக்கமாட்டார். கடைசி நாளில் நெஞ்சு வலித்தபோதும் அந்த மைலை முடித்துவிட்டே அவர் ஓய்ந்தார்.

அத்தகைய உறுதி வாய்க்காதவர்கள் சபதத்துக்குப் பிப்ரவரியைத் தேர்ந்தெடுப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை.