நம்மூர்ல இல்லாததா?

ஒட்டன்சத்திரத்திலிருந்து எந்த டூர் வேன் கிளம்பினாலும் முன்சீட்டில் அந்த மாமா இருப்பார். மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருப்பவர். அவர் வெளியூர் வருவதே, அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று நேரில் சொல்லத்தான்.

கோடியக்கரைக்குப் போனோம். தஞ்சாவூர் வயல்களைக் காட்டினால், "ஆயக்குடிப் பக்கம் இல்லாத நெல்லா?" வேதாரண்யம் உப்பளத்தில், 1930-ல் ராஜாஜி உப்பு அள்ளிய ஊர் மாமா என்றேன். "நம்ம கடைவீதியில உப்புக்கு என்ன பஞ்சம் மாப்ள?" முறுக்குக் கொம்போடு கறுத்த ஆண் வெளிமான் ஒன்று நிமிர்ந்து பார்த்தது. இந்த இனத்தைக் காக்கத்தான் கோடியக்கரைக் காட்டை 1967-ல் சரணாலயமாக்கினார்கள். மாமா திரும்பக்கூட இல்லை. "கொடைக்கானல் ரோட்டுல காட்டெருமையே குறுக்க நிக்குது, இது ஆட்டுக்குட்டி சைஸ்ல இருக்கு." காட்டுக் குதிரைகளுக்கு மட்டும் விலை விசாரித்தார்.

பூநாரைக் கூட்டத்தைப் பார்த்ததும், "பரப்பலாறு டேம்ல நிக்காத கொக்கா? சாயம் பூசியிருக்கு, அவ்வளவுதான்." சாயமில்லை மாமா, தின்கிற பாசியும் கூனி இறாலும் தருகிற நிறம் என்றேன். "அப்ப நம்ம கொக்குக்கும் இறால் வாங்கிப் போட்டாச் செவந்துரும்!"

கடற்கரையில்தான் வாய் ஓய்ந்தது. வெகுநேரம் நின்றுவிட்டு, "இம்புட்டுத் தண்ணி... நல்ல தண்ணியா இருந்திருக்கக் கூடாதா?" என்றார். ஆயிரம் அடி போர் போட்டும் புழுதி மட்டுமே பார்த்த மனுஷன். அப்போது அவரைப் பிடித்திருந்தது.

அந்தப் பிரியம் திரும்பும் வழி வரைக்கும்கூடத் தாங்கவில்லை. வேனை நிறுத்தச் சொல்லி, போனை உயர்த்திப் பிடிக்கப் பேரனை நிற்கவைத்து, விசிலடித்துக் கைதட்டி, இரை தேடிக்கொண்டிருந்த பூநாரைகளை மொத்தமாகக் கிளப்பிவிட்டார். "பறந்தாத்தான் வீடியோ!"

இதில் சிரிக்க எனக்கு ஒன்றுமில்லை. அலகைத் தலைகீழாகச் சேற்று நீரில் கவிழ்த்து, வடிகட்டி வடிகட்டித் தின்கிற பறவை அது. ஒவ்வொரு முறை கலைக்கும்போதும் தின்ற தீனியின் பலம் பறப்பதிலேயே கரைகிறது. 2002 முதல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் உள்ள சதுப்புநிலத்தில், எங்கிருந்தோ வந்து குளிர்காலம் கழிக்கிற பறவைகளை விரட்டுவதற்கென்று ஒட்டன்சத்திரத்திலிருந்து ஆள் வர வேண்டியதில்லை.

நவம்பர், டிசம்பரில் மாமாவோடு கோடியக்கரை போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இரண்டு கைக்கும் சேர்த்துப் பெரிய பைனாகுலராகக் கொடுத்துவிடுங்கள். கைதட்ட முடியாது. விசிலுக்கு என்ன செய்வதென்று அத்தையைத்தான் கேட்க வேண்டும்.