படுக்கையறைச் சுவரைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கக் கோரி

அனுப்புநர்: முதல் மாடியில் வாடகைக்குக் குடியிருப்பவர்

பெறுநர்: கண்காணிப்புத் தொல்லியலாளர் அவர்கள், இந்தியத் தொல்லியல் துறை

பொருள்: நான்கு வயதுக் கலைஞரின் சுவரோவியத்தை வீட்டு ஓனரிடமிருந்து காப்பாற்றித் தருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் படுக்கையறையின் மேற்குச் சுவரில், நான்கு வயதுக் கை எட்டும் உயரம் வரை, கறுப்பு பெர்மனென்ட் மார்க்கரால் தீட்டிய ஓவியத் தொகுதி ஒன்று உள்ளது. ஐந்து கால் யானை (ஐந்தாவது தும்பிக்கை என்று வாதிடுவோரும் உண்டு), அந்த யானை பாதி புகுந்து நிற்கும் ஆட்டோ, பக்கத்தில் மீசை வைத்த ஒரு மனிதர். மீசைக்காரர் எங்கள் வீட்டு ஓனர்தான் என்பது என் மனைவியின் ஆய்வு முடிவு. ஓனர் இன்னும் அந்த முடிவுக்கு வரவில்லை. வந்தால் வாடகை ஏறும்.

சித்தன்னவாசல் கூரையில் ஒரே தாமரைக் குளத்தில் மீனும் பறவையும் யானையும் இருப்பதைத் தாங்கள் வேலி போட்டுக் காக்கிறீர்கள். ஆட்டோவில் யானை இருந்தால் மட்டும் அது கிறுக்கலாம். காலி செய்யும்போது சுவர் பழையபடி வெள்ளையாக இல்லாவிட்டால் அட்வான்ஸில் கழித்துவிடுவேன் என்கிறார் ஓனர்.

நாங்களும் அழிக்கப் பார்க்காமல் இல்லை. சானிடைசரைத் தொட்டுத் துடைத்ததில் மை கரைந்தது. கரைந்து போகாமல் பரவியது. யானைக்கு மேல் மழை மேகம் கூடியது அப்படித்தான். நெயில் பாலிஷ் ரிமூவர் மையோடு பெயிண்டையும் கழற்றிக்கொண்டு வந்தது. பற்பசையால் சுவர் மணந்தது. கடைசியில் ஹார்டுவேர் கடைக்காரர், "ரெண்டு கோட் எமல்ஷன் அடிங்க சார், இருந்த இடம் தெரியாது" என்றார். அடித்தோம். ஈரம் இருக்கும்வரை தெரியவில்லை. காய்ந்ததும் யானை லேசான ஊதா நிறத்தில் எழுந்து வந்தது, கூடவே மீசையும். மையிலுள்ள சாயம் ஈரப் பெயிண்டில் கரைந்து மேலே ஏறிவிடுமாம். கோட் ஏற ஏற யானையும் ஏறும்.

பிறகு வந்த பெயிண்டர்தான் விஷயம் தெரிந்தவர். "இதுக்குச் சாதா பிரைமர் தாங்காது சார். கறையை மேல வரவிடாத பிரைமர் இருக்கு, அரக்குல செய்றது. அதை முதல்ல பூசிக் காயவிட்டு, அப்புறம் எமல்ஷன் அடிச்சா நிக்கும்." தச்சர்கள் ஸ்பிரிட்டில் கரைத்து பாலிஷ் போடும் அதே அரக்கு. துரியோதனன் ஒரு மாளிகையே கட்டினான். எங்களுக்கு ஒரு சுவருக்குப் போதும். வாங்கக் கிளம்பும்போதுதான் தஞ்சாவூர் நினைவுக்கு வந்தது.

பெரிய கோயில் கருவறையைச் சுற்றும் உள் நடையில் சோழர் ஓவியம் இருந்தது. நாயக்கர் காலத்தில் அதன்மேல் சுண்ணம் பூசி வேறு ஓவியம் தீட்டினார்கள். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி பார்த்துச் சொல்லும்வரை அடியில் சோழர் இருப்பது வெளியே தெரியாது. இராசராசனின் ஓவியர்கள் கையில் மட்டும் இந்த மார்க்கர் இருந்திருந்தால், நாயக்கர் பூச்சு காய்ந்த மறுநாளே நடன மாதர் ஊதா நிறத்தில் வெளியே வந்திருப்பார்கள். பேராசிரியருக்கு வேலையே இருந்திருக்காது.

ஆக, எங்கள் ஓவியத்துக்குத் தரத்தில் குறையில்லை. தடை ஒன்றுதான்: 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி சின்னத்துக்கு நூறு வயது ஆகியிருக்க வேண்டும். கலைஞருக்கே நான்குதான். இந்த ஒரு விதியைத் தளர்த்தினால் எங்கள் தெரு தங்களை வாழ்த்தும். சுற்றிலும் 100 மீட்டருக்குக் கட்டடம் எழுப்பத் தடை. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி கேட்டு அலைய வேண்டும். எதிர் மனையில் விடிய விடிய ஓடும் ஜல்லி மெஷின் அன்றே நிற்கும். சின்னத்தைச் சிதைப்பவருக்கு 2 ஆண்டுவரை சிறை, 1 லட்சம் ரூபாய்வரை அபராதம் என்றும் சட்டம் சொல்கிறது. ஓனர் நல்ல மனிதர், சிறை வேண்டாம். அபராதம் போதும், எங்கள் அட்வான்ஸும் சரியாக ஒரு லட்சம்தான்.

பராமரிப்புக்குத் தாங்கள் சிரமப்பட வேண்டியதில்லை. நீலப் பலகை ஒன்றை நட்டுவிட்டு வழக்கம்போல மறந்துவிடலாம். அதில் காதலி பெயரைக் கீறி வைக்க எங்கள் தெருவிலும் இளைஞர்கள் இருக்கிறார்கள். திருப்பணிக் குழு எதற்கும் தகவல் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். மணலைப் பீய்ச்சியடித்துக் கல்வெட்டையே வழித்தெடுத்த கைகள் அவை. ஊதா யானையைக் கண்டால் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்துவிடுவார்கள்.

அறிவிக்க வழியே இல்லையென்றால், தஞ்சையில் நாயக்கர் ஓவியத்தை அப்படியே உரித்துத் தனிப் பலகையில் பதித்த தங்கள் வேதியியல் பிரிவினரையாவது ஒரு நாள் அனுப்பி வையுங்கள். நாங்கள் அடித்த இரண்டு கோட் எமல்ஷனைக் கிழியாமல் உரித்து, ஒரு பலகையில் ஒட்டித் தரட்டும். ஓனர் கேட்ட வெள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு அட்வான்ஸை வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடகைதாரர்