கட்டிலோர மேடு: தை மாத அடுக்குகள் குறித்து ஓர் அகழாய்வு அறிக்கை

மாசி 3, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, அம்பத்தூரில் ஒரு வீட்டின் படுக்கையறையில், கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே காணப்பட்ட மேடு அகழப்பட்டது. உயரம் ஒரு முழம். மேற்பரப்பில் கிடைத்தவை: மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்று (கண்ணாடி இல்லை), தைலப் புட்டி ஒன்று, கொசுவர்த்திச் சாம்பல் சிறிது. அகழ்வுக்கு அனுமதி வழங்கியவர் என் மனைவி. அனுமதி என்று சொல்வது மரபு கருதித்தான். "இன்னிக்கு இதை நீங்க எடுக்கலைன்னா நாளைக்குப் பழைய பேப்பர்காரர் எடுத்துட்டுப் போயிடுவார்" என்பதே ஆணையின் முழு வாசகம். 1863இல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட்டுக்குக் கற்கருவி கிடைத்தபோது இப்படியொரு நெருக்கடி இருந்திராது.

ஆய்வுக் கேள்வி எளியது. சென்ற தை மாதத்தில் நான் என்ன படித்தேன்?

இதற்கு நினைவைச் சான்றாகக் கொள்ள முடியாதா என்று கேட்கலாம். முடியாது. என் நினைவு ஏழு புத்தகம் என்கிறது. மார்கழிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நந்தனம் புத்தகக் காட்சியில் நான் வாங்கியதும் ஏழு. வாங்கியதைப் படித்ததாகப் பதிவு செய்துகொள்ளும் பழக்கம் என் மூளைக்கு நெடுநாளாக உண்டு. பத்து சதவீதக் கழிவு கிடைத்த புத்தகங்களில் இந்தக் கோளாறு இன்னும் அதிகம். ஆகவே நினைவைத் தள்ளிவிட்டுப் பொருட்சான்றுக்குப் போக வேண்டியதாயிற்று. பொருட்சான்று என்றால், புத்தகங்களுக்குள் அடையாளமாகச் செருகிவைத்தவை.

அடையாளம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இத்துறையில் நிலவும் ஒரு பிழையான கருத்தைக் களைய வேண்டியிருக்கிறது. அடையாளத்தைப் பார்ப்பவர்கள், "இதுவரை படித்திருக்கிறார்" என்கிறார்கள். அது சான்று காட்டுவதில் பாதி. படிப்பு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் இடத்தில் எவரும் எதையும் செருகுவதில்லை. யாரோ கூப்பிட்டார்கள், குக்கர் கத்தியது, நிறுத்தம் வந்தது, தூக்கம் வந்தது. அப்போது கைக்கு எது அகப்பட்டதோ அது உள்ளே போகிறது. எனவே அடையாளம் புத்தகத்தைச் சேர்ந்த பொருளே அல்ல, குறுக்கீட்டைச் சேர்ந்த பொருள். ஒருவர் படித்ததன் வரலாற்றை எழுதப் புகுந்தவன், கடைசியில் அவரை எழுப்பியவர்களின் வரலாற்றைத்தான் எழுத முடியும்.

முன்னோர் இதில் கவனமாக இருந்தார்கள். ஏட்டுச்சுவடியில் இரண்டு துளை போட்டு, ஒன்றில் கயிற்றைக் கோத்து, மற்றதில் நாராசம் என்ற மெல்லிய கம்பியைச் செருகுவார்கள். ஏடுகள் நழுவாது. கயிற்று நுனியில் பனையோலையைக் கிளிமூக்குப்போல நறுக்கிக் கட்டுவார்கள். அதற்குப் பெயரே கிளிமூக்கு. இத்தனை ஏற்பாடு செய்தவர்களிடம் மளிகைச் சீட்டைச் செருகும் பழக்கம் இருந்திருக்காது. பின்பு அச்சு வந்தது. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கந்தான், ஒரே மூச்சில் முடிந்திருக்கும். தமிழ் அச்சு நூல் தடித்துப்போனதும் அதற்குப் பிறகு, நாம் எதையாவது செருகத் தொடங்கியதும் அதற்குப் பிறகு.

இனி மேட்டுக்கு வருவோம். கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது என்பது அகழாய்வின் பால பாடம். இந்த மேட்டுக்கு அது பொருந்தவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் வீடு கழுவும்போது மேடு முழுவதும் கட்டில்மேல் ஏற்றப்பட்டு, மாலையில் தலைகீழாக இறக்கப்படுகிறது. நான்கு வெள்ளிக்கிழமை என்றால் நான்கு முறை பூமி புரண்டிருக்கிறது. ஆகையால் அடுக்கை நம்பாமல் காலம் கணிக்க வேறு வழி தேடினேன். அடிப்பாதி சென்ற ஆண்டுத் தீபாவளி மலர்கள். அவை ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டவை. மேற்பாதியில் எட்டுப் புத்தகங்கள்: விலைக்கு வாங்கியவை ஏழு, கிளை நூலகத்தில் இரவல் எடுத்தது ஒன்று.

நான்கு புத்தகங்களில் எதுவும் கிடைக்கவில்லை. பில்லோடு உறைக்குள்ளேயே இருந்தன. அவற்றைப் பற்றி மேலும் பேச விரும்பவில்லை.

முதல் சான்று, புத்தகக் காட்சியின் பத்து ரூபாய் நுழைவுச்சீட்டு. டால்ஸ்டாயின் 'போரும் வாழ்வும்', டி. எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்ப்பு, முதல் பாகத்தின் 31ஆம் பக்கத்தில் இருந்தது. வாங்கிய அன்றே பஸ்ஸில் பிரித்திருக்கிறேன். 31ஆம் பக்கத்தில் அம்பத்தூர் ஓ.டி. வந்துவிட்டது. அங்கே இன்னும் போர் தொடங்கவில்லை. சீமாட்டி வீட்டு விருந்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் கணக்கில் நேர்மை வேண்டும். அன்று மார்கழி 27. தை பிறக்க இன்னும் நான்கு நாள் இருந்தது. எனவே இந்த 31 பக்கத்தையும் மனவேதனையோடு விலக்க வேண்டியதாயிற்று. தை முழுவதும் அந்த விருந்தில் யாரும் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

இரண்டாம் சான்று தினசரிக் காலண்டரின் கிழித்த தாள். தை 8, வியாழன், ராகு காலம் ஒன்றரை முதல் மூன்று வரை. சிறுகதைத் தொகுப்பொன்றின் 62ஆம் பக்கம். காலம் கணிப்பதற்கு இதைவிடச் சிறந்த பொருள் கிடையாது. 1945இல் அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் செய்ததும் இதுதான். காலம் தெரிந்த ரோமானிய ஓடு எந்த அடுக்கில் கிடக்கிறதோ, அதை வைத்து அந்த அடுக்கிலுள்ள உள்ளூர்ப் பானையின் காலத்தைச் சொன்னார். எனக்கு ரோமானிய ஓடு காலண்டர் தாள். ஒரே ஒரு சிக்கல்: எங்கள் வீட்டில் தேதி கிழிப்பது நாள்தோறும் நடப்பதில்லை. நினைவு வந்த அன்று மூன்றைச் சேர்த்துக் கிழிப்போம். ஆகவே கணிப்பில் மூன்று நாள் முன்பின் இருக்கலாம்.

தாளின் பின்புறம் ஒரு கல்வெட்டு, மனைவியின் கையெழுத்தில்: 'உருட்டு உளுந்து 1 கிலோ. போன தடவை மாதிரி உடைச்சது வேண்டாம்.' குறுக்கீடு எதுவென்பது இதனால் ஐயமற நிறுவப்படுகிறது. அந்தக் கதையில் 62ஆம் பக்கத்தின் கடைசி வரியில் யாரோ நள்ளிரவில் கதவைத் தட்டுகிறார். நான் உளுந்து வாங்கப் போய்விட்டேன். அவர் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறார்.

கிளை நூலகத்துப் புத்தகம்தான் இந்த அகழ்வின் வளமான தளம். தென்னிந்திய ரயில் வரலாறு. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறவன் என்ற உரிமையில் எடுத்தது. திருப்பித் தரும் தேதி தாண்டிவிட்டது. (1948ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தின் பெருமையைப் பேசிக்கொண்டே அபராதம் கட்டும் வாசகர் நான் ஒருவன் மட்டுமல்ல என்று நம்புகிறேன்.) 88ஆம் பக்கத்தில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை ஒன்று. வேலூரில் சித்தப்பா பேத்தி கல்யாணம். 1856 ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து கிளம்பிய முதல் ரயில் அந்தப் பக்கத்தில் வாலாஜா ரோடு போய்ச் சேர்கிறது. நிமிர்ந்து பார்த்தால் நான் உட்கார்ந்திருந்த ரயிலும் வாலாஜா ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. இதைப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் தன் பையை என்னிடமிருந்து சற்று நகர்த்தி வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது அந்தப் புத்தகம் தாம்பூலப் பையில் தேங்காயோடு வந்தது. இது பின்னால் முக்கியம்.

அதே புத்தகத்தின் 131ஆம் பக்கத்தில் ஒரு வெற்றுத் தாள். கடைசியில் அது மருந்துக் கடை பில் என்று தெரிந்தது. இப்போதைய பில்லில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் தாள். சில வாரத்தில் எழுத்து மங்கிவிடும். செப்பேடு வெட்டிய ஊரில் இப்படியொரு ஆவணம். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்ததில் 'கண்' என்றும் 'சொட்டு' என்றும் படிக்க முடிந்தது. கூடவே டோக்கன் ஒன்று: 47.

தை 14, புதன்கிழமை. அம்மாவுக்கு வலது கண்ணில் புரை அறுவை. நான்கு வருஷமாகத் தள்ளிப்போட்டது. அன்று காலை ஏழு மணி முதல் ஆஸ்பத்திரி வராந்தாவில் 88லிருந்து 131 வரை, 43 பக்கம். இந்த மாதத்திலேயே ஒரே நாளில் படித்த மிகப் பெரிய அளவு இதுதான். ஒன்று சொல்ல வேண்டும்: 130ஆம் பக்கம் வரை வேகம் சீராக இருந்திருக்கிறது. அம்மாவை உள்ளே அழைத்துப்போன பிறகு 131ஆம் பக்கத்தில் மட்டும் நாற்பது நிமிடம் ஆகியிருக்கிறது. அறுவை பதினைந்து நிமிடந்தான் என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று ஆய்வாளனுக்கு இன்றும் தெரியாது. கண்ணுக்குள் செயற்கை வில்லையை முதன்முதலாக வைத்தவர் 1949இல் லண்டனில் ஹரால்ட் ரிட்லி என்பது மட்டும் தெரியும். அது வேறு புத்தகத்தில் படித்தது.

அதற்குப் பிந்திய நாட்களில் என் வாசிப்புக்கான சான்றே இல்லை. ஒரு நாளைக்கு ஆறு முறை சொட்டு மருந்து. ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு புட்டி. தலைக்குக் குளிக்கக் கூடாது, குனியக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது. இந்த மூன்றையும் அம்மாவுக்கு நினைவூட்டுவது முழு நேர வேலை.

எட்டாவது புத்தகம் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. வாங்கிய முதல் வாரத்தில் நான் 18 பக்கம் படித்தேன். 18ஆம் பக்கத்தில் பால்காரரின் மாதக் கணக்குச் சீட்டு இருந்தது; அது எதிர்பார்த்ததே. ஆனால் 27ஆம் அத்தியாயத்தில், நான் இதுவரை எட்டியே பார்க்காத பகுதியில், மெல்லிய நார் ஒன்று கிடந்தது. ஒரு சாண் நீளம், பழுப்பு நிறம்.

தாம்பூலப் பைத் தேங்காயின் நார் என்பது என் முதல் முடிவு. அந்தப் பையில் இருந்தது வேறு புத்தகம் என்பதால் அது நிற்கவில்லை. மனைவியிடம் காட்டினேன். "இது வாழைநார். பூக்கட்டுற நார் உங்க புத்தகத்துல எப்படி வந்துச்சுன்னு நீங்கதான் சொல்லணும்" என்று ஆய்வையே வேறு திசைக்குத் திருப்பப் பார்த்தார். மகளுக்குச் செய்முறைத் தேர்வு. அவள் நாரையும் பார்க்கவில்லை, நிமிர்ந்து என்னையும் பார்க்கவில்லை. நாரை எடுத்த இடத்திலேயே வைத்தேன். மூன்று நாள் கழித்துத் திறந்தால் 35ஆம் அத்தியாயத்தில் இருந்தது. நகரும் தொல்பொருள்! கீழடியில்கூட இப்படி ஒன்று கிடைத்ததாகச் செய்தி இல்லை.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுக் களத்தில் இறங்கினேன். மதியம் மூன்று மணி. கூடத்து ஜன்னலோரம் அம்மா. கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அறுவை நடந்த கண்ணுக்கு நேராகப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மடியில் பாதி தொடுத்த மல்லிகை. நான்கு வருஷமாக அம்மா நாளிதழில் காலமானவர்கள் படங்களை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவாள். வயதாகிவிட்டது, ஆர்வம் போய்விட்டது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். டி.வி. சீரியலையும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், பார்க்கவில்லை. யாருக்கும் தெரியாது. அவளும் சொல்லவில்லை.

"கண்ணைக் கெடுத்துக்காதேம்மா" என்றேன்.

"கெட்டிருந்தப்ப நீ ஒண்ணும் சொல்லலியே" என்றாள். நாரை உள்ளே வைத்துப் புத்தகத்தை மூடினாள். புத்தகம் மேட்டில் எடுத்த இடத்துக்கே போயிற்று.

சீர்காழி ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார். அதில் மூன்றாவது: ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர். இந்த ஆய்வில் அந்த விதி மெய்ப்பிக்கப்பட்டது. நூலுக்குப் பணம் கொடுத்தவரும் வாசகரும் ஒருவராக இருக்க வேண்டும் என்று ரங்கநாதன் எங்கும் சொல்லவில்லை.

முடிவுகள். தை மாதம் 29 நாள். நான் படித்தது 62ம் 131ம் 18ம் சேர்த்து 211 பக்கம். நாளொன்றுக்கு ஏழேகால். வராந்தாவின் 43ஐக் கழித்தால் இன்னும் குறையும், நான் கழிக்கவில்லை. மேடு கலைக்கப்பட்டுப் புத்தகங்கள் அலமாரிக்குப் போயின. தீபாவளி மலர்கள் பழைய பேப்பர்காரரிடம் கிலோ கணக்கில் போயின. நூலகப் புத்தகம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

கட்டுரையை அனுப்பக் கட்டியிருந்த வேளையில், பங்குனி பிறந்து பத்து நாள் ஆனபின், அம்மா 'என் சரித்திர'த்தோடு என் மேசைக்கு வந்தாள். நார் இல்லை.

"ஏன்டா, இது பாதியிலயே நிக்குதே. ரெண்டாம் பாகம் வாங்கலியா?"

உ. வே. சா. அந்தத் தொடரை ஆனந்த விகடனில் 1940இல் தொடங்கினார். 1942 ஏப்ரல் 28ஆம் தேதி காலமானார். 122 அத்தியாயத்தோடு தொடர் நின்றுவிட்டது. அவர் எழுதியது அவ்வளவுதான்.