பசை வாளி

கேள்வி: இலங்கைத் தேர்தலில் ஒரே கட்சிக்காரர்களே ஒருவர் காலை ஒருவர் வாருகிறார்களே, ஏன்?

பதில்: பந்தியில் சண்டை பக்கத்து இலையோடுதானே! 1989 முதல் நாடாளுமன்றத் தேர்தலில் விருப்பு வாக்கு உண்டு. கட்சிக்குப் புள்ளடி போட்டுவிட்டு, அதே பட்டியலில் 3 பேர் வரை இலக்கம் பார்த்துப் புள்ளடி போடலாம். கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பதைச் சொல்வது கட்சி வாக்கு. அதில் யார் உட்காருவது என்பதைச் சொல்வது விருப்பு வாக்கு. 2024இல் யாழ்ப்பாணத்துக்கு ஆசனம் 6, ஒவ்வொரு பட்டியலிலும் 9 பேர். கட்சிக்கு ஒன்றே கிடைத்தால் 8 பேர் வீட்டுக்கு! மேடையில் கட்டித் தழுவுவார்கள். இரவில் பசை வாளியோடு வரும் பொடியன், சக வேட்பாளரின் சுவரொட்டியில் உள்ள இலக்கத்தின் மேல் தன் ஆளின் இலக்கத்தை ஒட்டுவான். கட்சிச் சின்னத்தில் மட்டும் ஒரு சொட்டுப் பசை படாது. கட்சி விசுவாசமாம்!