எந்த மேடு, தம்பி?

எங்கள் ஊர் ஒரு தீவில் இருக்கிறது. கிழக்கே வங்காள விரிகுடா, மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. சிரிக்கிறவர்கள் காரைக்காலிலிருந்து எங்கள் தலைநகரமான புதுச்சேரிக்கு ஒரு தடவை பஸ் ஏறிப் பார்க்கட்டும். 130 கிலோமீட்டர் சொச்சம் பக்கத்து மாநிலத்தைத் தாண்டினால்தான் சொந்தத் தலைநகரம் வரும். காரைக்கால், பிரெஞ்சுக்காரர்கள் 1739-இல் மனை வாங்குவதுபோல வாங்கிப் போட்டது. 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவிடம் வந்தது. மொத்தம் சுமார் 160 சதுர கிலோமீட்டர். அதில் கோட்டுச்சேரி கொம்யூன், அந்தக் கொம்யூனின் கடலோரத்தில் கோட்டுச்சேரிமேடு.

இந்தத் தீவுக்குக் காரில் வருகிறவர்கள் இப்போதெல்லாம் கண்ணாடிக்குக் கீழே போனை மாட்டி, மேப் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். டீக்கடையில் நிறுத்தி வழி கேட்பது கௌரவக் குறைச்சல் ஆகிவிட்டது. சிக்கல் என்னவென்றால், எங்கள் கடற்கரை முழுக்க மேடுகள். காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, கீழகாசாக்குடிமேடு, கோட்டுச்சேரிமேடு. தட்டையான டெல்டாவில் ஆள் உயரத்துக்கு மணல் கிடந்தாலே அது மேடுதான். போதாக்குறைக்கு, மேடு ஒட்டாத கோட்டுச்சேரி ஒன்று மேற்கே தனியாக இருக்கிறது. மேப்பில் பாதிப் பெயரை அடிப்பதற்குள் அது முந்திக்கொண்டு ஏதாவது ஒரு ஊரைப் பிடித்துக் கொடுத்துவிடும். வந்தவர் கோட்டுச்சேரியில் நின்றுகொண்டு, “வந்துட்டோம், உங்க வீடு எங்க, கடலையே காணோமே?” என்று போன் செய்வார்.

மேப்பை மட்டும் குறை சொல்லக் கூடாது. எங்கள் அஞ்சல் எண்ணும் மயிலாடுதுறைக்காரர்களுடையதைப் போல 609 என்றுதான் தொடங்கும். சில விண்ணப்பங்களில் அதை அடித்த உடனே “தமிழ்நாடு” என்று தானாக வந்து விழும். நாங்கள் அதை அழித்துப் புதுச்சேரி என்று மாற்றுவோம். அது மறுபடி தமிழ்நாடு ஆகும். 1954-இல் முடிந்த விவகாரம் என்று அதற்கு யார் சொல்வது?

எல்லையையும் மேப் சரியாகச் சொல்வதில்லை. ஒரு மெல்லிய புள்ளிக்கோடு போட்டு விட்டுவிடும். எங்களுக்குக் கோடு வேண்டியதில்லை. வடக்கே நண்டலாறு, தெற்கே வாஞ்சூர். எங்கே ஒயின்ஷாப்புகள் வரிசை கட்டி நிற்கின்றனவோ, எங்கே பெட்ரோல் பங்கில் தமிழ்நாட்டுப் பதிவு எண் வண்டிகள் மொய்க்கின்றனவோ, அதுதான் எல்லை. கண் தெரியாதவர்கூடக் கண்டுபிடித்துவிடலாம். விருந்துக்கு வந்த சொந்தக்காரர்கள் டிக்கியில் நாலு பாட்டிலோடு திரும்பும்போது, வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்த அந்த மேப் அம்மா சோதனைச் சாவடி வந்ததும் வாயே திறக்க மாட்டாள். போலீஸ்காரர்தான் பேசுவார்.

இத்தனைக்கும் வானத்தில் நடக்கும் ஏற்பாடு சாதாரணமல்ல. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. நம் போன் குறைந்தது நான்கைப் பிடித்தால்தான் இருக்கும் இடம் சரியாகத் தெரியும். அவற்றிலுள்ள கடிகாரங்கள் நம் கடிகாரங்களைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ விநாடி வேகமாக ஓடும் என்பது ஐன்ஸ்டைன் கணக்கு. அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் 10 கிலோமீட்டர் பிசகும். எங்கள் தீவின் அகலத்துக்கு 10 கிலோமீட்டர் என்றால் முதலமைச்சரே மாறிவிடுவார். 2000 மே மாதம் வரை அமெரிக்கா வேண்டுமென்றே பொதுமக்களுக்கு 100 மீட்டர் வரை பிழை கலந்து கொடுத்தது. கோட்டுச்சேரிமேட்டில் 100 மீட்டர் என்பது வாசலுக்கும் அலைக்கும் உள்ள தூரம்.

ஆனால் கோள் சொல்வது நிற்கும் இடத்தை மட்டும்தான். அங்கிருந்து எப்படிப் போவது என்பது, எங்கேயோ உட்கார்ந்து படம் பார்த்துக் கோடு போட்டவர் பொறுப்பு. மேலிருந்து பார்த்தால் தார் ரோடும் வாய்க்கால் கரையும் ஒரே மாதிரிதான் தெரியும். அவர் இரண்டையும் ரோடாக்கிவிட்டார். நம்பி வந்த கார், சைக்கிள் மட்டும் போகக்கூடிய மதகின் முன்னால் நின்று முனகும். நிஜமான ரோட்டிலோ அறுவடைக்காலத்தில் பாதி நெல் காயும், கடலோரம் வந்தால் கருவாடு காயும். மேப்பில் ரோடு காலியாகத் தெரியும்.

டெல்டா படத்துக்குள் அடங்க மறுப்பது புதிதல்ல. 1802-இல் சென்னையில் நில அளவையைத் தொடங்கிய லாம்டன், தஞ்சாவூர்ப் பக்கம் வந்தபோது எங்கே பார்த்தாலும் சமவெளி, எட்டிப் பார்த்தால் தென்னை. வேறு வழியில்லாமல் கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றினார். 1808-இல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைப் பெரிய கோவிலில் கயிறு கட்டித் தூக்கும்போது அது சுவரில் மோதி நசுங்கியது. மனிதர் ஆறு வாரம் உட்கார்ந்து தட்டி நிமிர்த்தினார். இன்றைக்கு மேப் தொங்கினால் நாம் ஆறு விநாடி பொறுப்பதில்லை.

சென்னையிலிருந்து வரும் என் அத்தை மகனும் பொறுக்காத ரகம்தான். மாங்கனித் திருவிழாவுக்குப் புதுக் காரில் வந்தவன், வழியில் நெல் கிளறிக்கொண்டிருந்த ஒரு ஆயாவிடம் கேட்டிருக்கிறான்.

“கோட்டுச்சேரிமேடு லெஃப்டா, ரைட்டா?”

“கெழக்கால போயி, மதகு வந்தா தெக்க திரும்பு தம்பி.”

“மேப்ல லெஃப்ட்னு காட்டுதே ஆயா?”

“அதுக்கு என்ன தெரியும், அது நேத்து வந்தது.”

எங்கள் பக்கத்தில் சோறு போடும்போதுகூட “கொஞ்சம் வடக்கே தள்ளி உக்காரு” என்போம். இடது வலது என்பது ஆள் திரும்பி நின்றால் மாறிவிடும் சரக்கு. அதை நம்பி யார் ரோட்டில் இறங்குவது?

இவ்வளவு சொன்னாலும், எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஜிபிஎஸ் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. கார்க்காரர்கள் போன் மாட்டத் தொடங்கும் முன்பே இங்கே படகுக்காரர்கள் கையில் ஜிபிஎஸ் இருந்தது. என் பெரியப்பா அதைப் பாலிதீன் பையில் சுற்றி மடியில் வைத்திருப்பார். மீன் விழுந்த இடம், வலை கிழிந்த இடம், கடலடியில் பாறைப் பார் இருக்கும் இடம் எல்லாம் அதில் பாயிண்டாகப் பதிந்திருக்கும். பலகையோ மைல்கல்லோ இல்லாத கடலில் இருட்டில் போய், அதே இடத்தில் வலை விடுவார். காரணம் எளிது, அந்த மேப்பை வரைந்தவரும் அவர், வண்டி ஓட்டுகிறவரும் அவர். மகன் தனிப் படகு வாங்கியபோது பாயிண்டுகளைக் கேட்டான். “அம்மா நகைய வேணா கேளு, வாங்கித் தாரேன். பாயிண்ட்ட கேக்காத” என்றுவிட்டார்.

அன்றைக்கு ஆயாவையும் நம்பாமல் மேப்பையும் நம்பாமல் வரப்போரம் நின்ற அத்தை மகன் பெரியப்பாவுக்குப் போன் போட்டான். “மாமா, லொகேஷன் அனுப்புங்க.”

பெரியப்பா பையைப் பிரித்து, கருவியைத் தட்டி, கண்ணை இடுக்கிக்கொண்டு வாசித்தார். “எழுதிக்க மாப்ள. பத்து டிகிரி அம்பத்தேழு…” என்று தொடங்கி, புள்ளிக்குப் பின்னால் வருகிற எண்கள்வரை விடவில்லை. அவனும் அப்படியே அடித்தான். மேப் அம்மா முதல்முறையாகத் தயங்காமல் வழி சொல்ல ஆரம்பித்தாள்.

கால் மணி நேரத்தில் கார் எங்கள் வீட்டைத் தாண்டிப் போவதைத் திண்ணையிலிருந்து பார்த்தோம். கையைத் தட்டினோம், கூப்பிட்டோம். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டிருந்தான். கார் நேராகக் கிழக்கே போய், மணலில் இறங்கி, பெரியப்பாவின் படகுக்கு இரண்டடி தள்ளி அச்சுவரை புதைந்து நின்றது. படகு இழுக்கிற டிராக்டரை வைத்துத்தான் வெளியே எடுத்தோம். பெரியப்பா நிதானமாக நடந்து வந்து படகைப் பார்த்தார், காரைப் பார்த்தார்.

“பாயிண்ட் கரெக்டா இருக்கா மாப்ள?”